அடித்தளம் தோண்டும் மனைகளிலிருந்து மழைநீர் வடிகாலுக்கு வரும் சேறு: இதற்கு விதி எங்கே இருக்கிறது?

மாடித்தோட்டம் | 19 அக்டோபர் 2025, காலை 7.40

அனைவருக்கும் வணக்கம். தென்சென்னையில், வீடுகள் நெருக்கமாக அமைந்த ஒரு தெருவில் வசிக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருந்த பழைய தனிவீட்டை இடித்துவிட்டு, ஐந்து கிரவுண்டு மனையில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டுகிறார்கள். கீழ்த்தளத்தில் வாகனம் நிறுத்துவதற்காகப் பத்தடி ஆழம் தோண்டியவர்கள், தோண்டிய மண்ணில் ஒரு பகுதியை லாரியில் அனுப்பிவிட்டு, மீதியைத் தெருவோரத் தகரத் தடுப்பை ஒட்டியே குவித்து வைத்திருக்கிறார்கள். பருவமழை தொடங்கிய முதல் இரவிலேயே அந்தக் குவியலின் அடி கரைந்து, தகரத்துக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் நாலு விரல் இடைவெளி வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை, பள்ளத்தில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைத்து, குழாயின் முனையை நேரே மழைநீர் வடிகாலின் வாயில் செருகி வைத்தார்கள்.

குழாயிலிருந்து வந்த நீரை ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துச் சமையலறை மேடையில் வைத்தேன். கால்மணி நேரத்தில் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மணல் படிந்தது. அதற்கு மேலே இருக்கும் நீர், மூன்றாம் நாளான இன்றும் பால் விட்ட தேநீரின் நிறத்திலேயே இருக்கிறது.

மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் புகார் செய்தேன். பணியாளர்கள் வந்து வடிகாலைத் திறந்து, அடைத்திருந்த வண்டலை வாரி எடுத்துச் சென்றார்கள். அவர்கள் செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று முன்தினம் பெய்த மழைக்குப் பிறகு அதே இடம் மீண்டும் தூர்ந்திருக்கிறது. என் கேள்வி இதுதான்: வந்த சேற்றை வார ஏற்பாடு இருக்கிறது, அது மனையை விட்டு வெளியே வராமல் தடுக்கும் பொறுப்பைக் கட்டுபவர்மீது சுமத்தும் விதி ஏதேனும் இருக்கிறதா? இருந்தால் அதை எந்தப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்?


வழக்குரைஞர் ஒருவர் | 19 அக்டோபர், இரவு 9.15

ஒரே இடத்தில், ஒரே தலைப்பில் இல்லை. நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

மழைநீர் என்றவுடன் எல்லோரும் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைத்தான் முதலில் புரட்டுவார்கள். அவற்றில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 2003ஆம் ஆண்டிலிருந்தே இந்த மாநிலத்தில் அது கட்டாயம்தான். ஆனால் அங்கே பேசப்படுவது கட்டி முடித்த கட்டடத்தின் கூரையில் விழும் மழை. கூரையே இல்லாமல் திறந்து கிடக்கும் பள்ளத்தில் ஒன்றரை, இரண்டு பருவமழைகள் விழுமே, உங்கள் தெருவின் சிக்கல் அந்தக் காலத்தைச் சேர்ந்தது.

சுற்றுச்சூழல் முன் அனுமதி என்பது 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்புக்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான் பொருந்தும். அந்த அனுமதிகளில் கட்டுமானக் காலத்து மழைநீருக்கும் நிபந்தனை விதிப்பார்கள். ஐந்து கிரவுண்டு மனையில் எழும் கட்டடம் அந்த எல்லையின் பக்கத்தில்கூட வராது.

உங்களுக்கு நேரடியாகக் கைகொடுப்பது 2016ஆம் ஆண்டின் கட்டுமானம் மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள். போக்குவரத்துக்கோ பொதுமக்களுக்கோ வடிகாலுக்கோ தடையாகும்படி கழிவைப் போடக் கூடாது என்று அவை வெளிப்படையாகச் சொல்கின்றன. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர், வேலை தொடங்கும் முன்பே கழிவு மேலாண்மைத் திட்டத்தை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். கழிவைப் பிரிக்கும்போது மண்ணையும் ஒரு பிரிவாகக் காட்ட வேண்டும். தோண்டிய மண் கழிவே அல்ல, அது விற்பனைக்குரிய பொருள் என்று கட்டுபவர்கள் வாதிடக்கூடும். விற்பனைக்குரிய பொருளாகவே இருக்கட்டும். வடிகாலுக்குள் போன பிறகு அதை யார் விலைக்கு வாங்குவார் என்று கேட்கலாம். 2026 ஏப்ரல் 1 முதல் இவற்றின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய விதிகள்தான் பொருந்தும். அவற்றின் முக்கியச் சுமையான உற்பத்தியாளர் பொறுப்பு, அதாவது கழிவை உண்டாக்குபவரே அதன் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்பது, மீண்டும் அதே 20,000 சதுர மீட்டர் எல்லைக்கு மேற்பட்ட திட்டங்கள்மீதுதான் விழுகிறது.

அடுத்து, 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. மாசுபடுத்தும் பொருளையும், நீரோட்டத்தைத் தடுத்து மாசை மிகுவிக்கக்கூடிய பொருளையும் தெரிந்தே நீர்நிலையில் சேர விடுவதை அது தடை செய்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் கரையாமல் கலந்து மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். மழையோடு ஓடிவரும் கலங்கல் நீருக்கு இந்த அளவுகோலைக் கொண்டு வழக்கு நடத்துவது எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு செயல்களையும் பிரித்துப் பாருங்கள். குவியல் கரைந்து வந்தது மழையால் என்பார்கள். மோட்டார் போட்டு இறைத்து வடிகாலில் விட்டது மழை செய்த வேலையல்ல, ஒருவர் விசையைத் தட்டிச் செய்தது. புகாரில் அதை முதல் வரியாக எழுதுங்கள்; நாள், நேரத்துடன் படத்தையும் இணையுங்கள்.


தளப்பொறியாளன் | 20 அக்டோபர், காலை 6.05

நான் இருபது ஆண்டுகளாகக் கட்டுமானத் தளங்களில் பணிபுரிகிறேன். எங்கள் தரப்பையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நடந்ததை நியாயப்படுத்த அல்ல.

ஐந்து கிரவுண்டு என்பது 12,000 சதுர அடி, ஏறத்தாழ 1,115 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 55,000 லிட்டர் நீர் சேரும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் அளந்தால் நாலரை லாரி. இதை எங்கே வைப்பது? ஏறத்தாழ மனையின் எல்லைவரை பள்ளம். மிஞ்சிய இரண்டடியில் கம்பி, ஜல்லி, எம்-சாண்ட், தொழிலாளர் கொட்டகை எல்லாம் இருக்க வேண்டும். நீரைப் பள்ளத்திலேயே விட்டால் பக்கவாட்டு மண் ஊறிச் சரியும். பக்கத்து வீட்டின் மதில்சுவர் அடித்தளம் அதன்மேல்தான் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் உயிரிழந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் யாரும் மறக்கவில்லை. ஆகவே இறைக்காதே என்று எங்களிடம் சொல்ல முடியாது. எப்படி இறைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அதை எழுத்தில் சொல்பவர் யாரும் இல்லை என்பதுதான் இங்கே உண்மையான குறை. திட்ட அனுமதியோடு வரும் நிபந்தனைகளில் பக்க இடைவெளி அங்குலக் கணக்கில் இருக்கிறது. இறைக்கும் நீரைப் பற்றி ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.


ஜூரோங்வாசி | 20 அக்டோபர், பிற்பகல் 1.30

அந்த வரி எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லலாம். சிங்கப்பூரில் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டுப் பணியில் இருக்கிறேன். எங்கள் தளத்தில் இந்த வேலையைக் கைப்படச் செய்பவர்களில் பாதிப்பேர் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தம்பிகள்.

இங்கே பொதுப் பயனீட்டுக் கழகத்தின் மேற்பரப்பு வடிகால் ஒழுங்குமுறைகளின்படி, கட்டுமானத் தளத்திலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே மண்ணரிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை, அதற்கெனத் தகுதி பெற்ற பொறியாளர் வரைந்து கொடுக்க வேண்டும். தளத்தைச் சுற்றி உட்புறமாக ஓடும் வடிகால், மண் குவியல்மீது விரிப்பு, வண்டல் தடுப்பு வேலி, நீரைச் சேர்க்கும் குளம் அல்லது தொட்டி, அதன்பின் வண்டலைப் படிய வைக்கும் கருவி என்ற வரிசையில் நீர் போகும். வாசலில் லாரிச் சக்கரங்களைக் கழுவும் இடம் இருக்கும். வெளியேறும் இடத்தைப் பார்த்தபடி கேமரா இருக்கும். நீர் கலங்கலாகப் போனால் எங்களுக்கு முன்பே கழகத்துக்குத் தெரிந்துவிடும்.

தோட்டக்கார நண்பர் பாட்டிலில் கண்டதற்குக் காரணம் எளிது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க இரண்டு, மூன்று நிமிடம் போதும். ஆயிரத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள களிமண் துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க இரண்டரை, மூன்று நாள் ஆகும். அதனால்தான் இங்கே படிகாரத்தின் இனத்தைச் சேர்ந்த உப்பைக் கலந்து துகள்களைத் திரள வைத்து இறக்குகிறோம். எங்கள் ஆத்தா கண்மாய்த் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துத் தெளிய வைத்ததும் இதே வேலைதான். முதல்முறை அந்தக் கருவியின் மறுமுனையில் தெளிந்த நீர் வந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்தக் குடம்தான் நினைவுக்கு வந்தது.


ஓய்வுபெற்ற பொறியாளர் | 20 அக்டோபர், இரவு 10.50

உள்ளாட்சிப் பணியில் வடிகால்களோடு பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சில செய்திகள்.

சென்னை தட்டையான நகரம். மழைநீர் வடிகாலுக்குக் கிடைக்கும் சரிவு மிகக் குறைவு. வடிகாலில் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் அது தன் அடியைத் தானே அரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் என்பது எங்கள் கணக்கு. நம் தெருக்களில் பல நேரம் அந்த வேகம் கிடைப்பதில்லை. கடலில் ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாயிலிருந்து நீர் எதிர்த்து நிற்கும்போது சுத்தமாகவே கிடைப்பதில்லை. ஆகவே வந்த மணல் வந்த இடத்திலேயே படுத்துவிடும். மூன்றடி ஆழ வடிகாலில் ஒன்றரை அடி வண்டல் இருந்தால், கொள்ளளவு பாதியாகக் குறைந்தது என்று வெளியிலிருந்து நினைப்பார்கள். உண்மையில் பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அடி சொரசொரப்பாகி ஓட்டமும் மந்தமாகிவிடும். தெருவில் நீர் நிற்கும்போது வடிகால் சின்னதாகக் கட்டிவிட்டார்கள் என்று பேசுகிறோம். மூடியைத் தூக்கிப் பார்த்தால் கட்டிய அளவே அங்கே இருக்காது.

தெருவிலிருந்து வடிகாலுக்கு நீர் இறங்கும் இடத்தில் வண்டல் வடிகட்டித் தொட்டி வைக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் அது தெருத்தூசிக்கும் இலைச்சருகுக்கும் அமைந்த கொள்ளளவு. ஒரு மனையின் அடித்தள மண்ணைத் தாங்க அமைந்ததல்ல. ஒரே இரவில் நிரம்பிவிடும். தோட்டக்காரர் வீட்டருகே நடந்ததும் அதுதான். அப்புறம் அது வடிகட்டியல்ல, வெறும் பள்ளம்.

ஜூரோங் நண்பர் சொன்னதை அப்படியே இங்கே நடச் சொன்னால் நான் தயங்குவேன். அங்கே ஒரு தளம் என்றால் பெரும்பாலும் பெரிய தளம், இயந்திரம் வைக்க இடமும் ஆளும் இருக்கும். இங்கே 200 வார்டுகளிலும் ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு மனைகளில் ஒரே நேரத்தில் எத்தனையோ பள்ளங்கள் திறந்திருக்கின்றன. அவற்றின் மண் எல்லாம் சேர்ந்துதான் வடிகாலை நிரப்புகிறது. எல்லையைப் பெரிதாக வைத்துச் சட்டம் செய்யும்போது இவை அனைத்தும் தப்பிவிடுகின்றன. அதனால் எனக்குத் தோன்றுவது, ஆய்வாளர் ஒருவர் தெருவில் நின்றபடியே சரிபார்க்கக்கூடிய மூன்று நிபந்தனைகளைத் திட்ட அனுமதித் தாளிலேயே அச்சிட வேண்டும் என்பதே. தெருவோரம் மண் குவிக்கக் கூடாது, உள்ளே குவித்தாலும் தார்ப்பாய் போட வேண்டும். தகரத் தடுப்பின் அடியில் ஒரு வரிசை மணல் மூட்டையோ ஒற்றைச் செங்கல் கட்டோ இருக்க வேண்டும். இறைக்கும் நீர் இரண்டு அறைத் தொட்டி வழியாகவே வெளியேற வேண்டும். இவற்றைப் பார்க்க ஆய்வகமும் வேண்டாம், மில்லிகிராமும் வேண்டாம்.

இன்னொன்று. பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுக்கு மாநகராட்சி ஆண்டுதோறும் தடை விதிக்கிறது. சாலை வெட்டைவிட ஆழமாக மனைக்குள் தோண்டுவதை மட்டும் ஏன் அக்டோபரில் தொடங்க விடுகிறோம்?


தளப்பொறியாளன் | 21 அக்டோபர், காலை 6.20

ஐயா, மூன்று நிபந்தனைகளையும் முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆனால் கடைசியாகச் சொன்ன தடையை ஏற்க முடியவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தோண்டக் கூடாது என்றால், செப்டம்பரில் எல்லோரும் அவசர அவசரமாகத் தோண்டுவார்கள். அனுமதி சற்றுத் தாமதமாக வந்தவர் பாதி தோண்டிய பள்ளத்தோடு மழையை எதிர்கொள்வார். பாதிப் பள்ளம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மூன்று மாதம் வேலையில்லாமல் கூலித் தொழிலாளர்கள் எங்கே போவார்கள் என்பதும் இருக்கிறது. தேதியை வைத்துத் தடை செய்வதற்குப் பதிலாக நிலையை வைத்துத் தடை செய்யலாம்: பக்கவாட்டுத் தாங்கு அமைப்பும் நீரிறைப்புத் தொட்டியும் ஆயத்தமான பிறகே எந்த மாதத்திலும் முதல் மண்வாரியை இறக்க வேண்டும்.


ஓய்வுபெற்ற பொறியாளர் | 21 அக்டோபர், காலை 11.00

பாதிப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னது சரி. தேதியை விட்டுவிடுகிறேன், நிலையை வைத்தே நிபந்தனை இருக்கட்டும்.


அட்லாண்டா தமிழன் | 21 அக்டோபர், மாலை 6.45

எல்லை அளவைப் பற்றி ஐயா சொன்னதற்குத் துணையாக ஒரு செய்தி. அமெரிக்காவில் ஒரு ஏக்கருக்கு மேல் மண்ணைக் கிளறும் கட்டுமானங்களுக்கு மழைநீர் வெளியேற்ற உரிமமும் எழுதிவைத்த மாசுத் தடுப்புத் திட்டமும் வேண்டும். ஒரு ஏக்கர் என்பது உங்கள் கணக்கில் பதினெட்டு கிரவுண்டு. அப்படியானால் ஐந்து கிரவுண்டு மனை இங்கேயும் தப்பிவிடுமா என்றால், ஒரே பெரிய மனைப்பிரிவின் பகுதியாக இருந்தால் தப்பாது. தனித்து நிற்கும் மனையைப் பல நகரங்களும் மாவட்டங்களும் தங்கள் சொந்த விதியால் பிடித்துக்கொள்கின்றன. கூட்டாட்சி உரிமத்தில் எனக்குப் பிடித்தது ஆய்வின் நேரம்தான். மாதம் ஒருமுறை என்று வைக்காமல், கால் அங்குல மழை பெய்தால் 24 மணி நேரத்துக்குள் தளத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெயில் நாளில் பார்த்தால் எந்தத் தடுப்பும் நன்றாகத்தான் இருக்கும்.


கிணற்றடி | 21 அக்டோபர், இரவு 8.10

யாரும் சொல்லாத ஒன்று. எங்கள் குடியிருப்பின் மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்கு வாசல் நடைபாதை நீரும் வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து மனையில் தோண்டியபோது வந்த களிமண் நீர், கூழாங்கல்லும் மணலும் போட்ட வடிகட்டியின்மேல் ஒரு தோல்போலப் படிந்துவிட்டது. அந்த ஆண்டு முழுதும் நீர் உள்ளே இறங்கவே இல்லை, வாசலில் குளமாக நின்றது. மணலை முழுவதும் அள்ளிப் புதிதாகப் போட்ட பிறகே கிணறு நீரை வாங்கியது. சேகரிப்பைக் கட்டாயமாக்கிய அரசு, அதைத் தூர்க்கும் சேற்றையும் கட்டுப்படுத்தினால்தான் முதல் விதிக்கே பொருள் இருக்கும் என்று நினைக்கிறேன்.


வழக்குரைஞர் ஒருவர் | 22 அக்டோபர், காலை 8.30

கிணற்றடி நண்பர் சொன்னது சட்ட நோக்கிலும் பயனுள்ளது. பொது வடிகால் என்றால் எல்லோருக்கும் பொது என்று விட்டுவிடுவார்கள். உங்கள் கிணறு கெட்டது உங்களுக்கு நேர்ந்த இழப்பு. மணல் மாற்றிய செலவுக்கு ரசீது இருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்க அது அடிப்படையாகும். உடனடித் தீர்வு வேண்டுமானால், பொதுவழியில் உள்ள தொல்லையை அகற்ற நிபந்தனை ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நிர்வாக நடுவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. ஆனாலும் மாடித்தோட்டம் அம்மையார் அந்தப் படி ஏறும் முன், தளப்பொறியாளன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, எப்படி இறைக்க வேண்டும் என்ற கேள்வியோடு அந்தத் தளத்துக்கே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.


தளப்பொறியாளன் | 22 அக்டோபர், பிற்பகல் 2.15

போகும்போது இதைச் சொல்லுங்கள், அம்மா. தொட்டி கட்டச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள். அதுவும் மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழமுள்ள தொட்டி, நான் முன்பு சொன்ன மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையின் முழு வேகத்துக்கு ஆறு நிமிடத்தில் நிரம்பிவிடும். மணல் நிற்கும், களிமண் நிற்காது. ஆனால் பள்ளமே பெரிய தொட்டிதான். பக்கவாட்டு மண் உறுதியாக இருந்தால், மழை விட்டதும் அந்த நிமிடமே அடியிலிருந்து இறைக்காமல் சில மணி நேரம் படிய விட்டு, மேல்நீரை மட்டும் எடுக்கலாம். உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் ஃபுட்வால்வு சேற்றில் படுத்துக் கிடப்பதால்தான் இவ்வளவு மண் வருகிறது. மூடிய காலி டிரம் ஒன்றில் கயிறு கட்டி, அந்த வால்வை நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கவிட வேண்டும். நீர் இறங்க இறங்க டிரம்மும் சேர்ந்து இறங்கும். கடைசி ஓரடி நீரை மட்டும் தொட்டி வழியாக விட்டால் போதும்.


மாடித்தோட்டம் | 27 அக்டோபர், மாலை 5.30

ஒரு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். வியாழக்கிழமை பாட்டிலோடு போனேன். தளத்தில் இருந்த இளம் பொறியாளர் முதலில், மேலிடத்தில் பேசுங்கள் என்றார். பாட்டிலை மேசையில் வைத்து, இது உங்கள் குழாயிலிருந்து பிடித்தது, ஒரு வாரமாயிற்று என்று சொன்னேன். எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மேஸ்திரியை அழைத்தார். டிரம் யோசனையை மேஸ்திரி ஒரே சொல்லில் புரிந்துகொண்டார். ஊரில் கிணறு தூர்வாரும்போது இப்படித்தான் செய்வோம் என்றார்.

அன்று மாலையே டிரம் மிதந்தது. குவியல் இன்னும் தெருவோரத்தில்தான் இருக்கிறது. தார்ப்பாய் போட்டு, அடியில் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை மழைக்குப் பிறகு குழாயிலிருந்து மீண்டும் ஒரு லிட்டர் பிடித்தேன். நிறம் இன்னும் தேநீர்தான், பால் சற்றுக் கூடியதுபோல் வெளிறியிருக்கிறது. அடியில் படிந்த மணலை விரலால் அளக்க முடியவில்லை, ஒரு கோடுபோல் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா எழுதிய மூன்று நிபந்தனைகளையும், அட்லாண்டா நண்பர் சொன்ன மழைக்குப் பிந்தைய ஆய்வையும் சேர்த்து, வார்டு மக்கள் கூடும் எங்கள் பகுதிசபைக் கூட்டத்துக்கு ஒரு பக்க மனுவாக எழுதியிருக்கிறேன். தெருவில் 31 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்த இளம் பொறியாளரும் ஒருவர். வழக்குரைஞர் நண்பர் அதன் சட்டப் பத்தியை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?